6 எம்வி கதிரில் தங்க நானோ துகள் பலன் தரவில்லை, வழி சொல்லுங்கள்

ரேடியோபயாலஜி, மருத்துவ இயற்பியல் பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. புற்றுநோய் செல்லில் தங்க நானோ துகளைச் சேர்த்து, கதிர்வீச்சு அதைக் கொல்லும் திறனைக் கூட்டுவதுதான் நோக்கம்.

துகள் டர்கெவிச் முறையில் (தங்கக் கரைசலை சிட்ரேட்டால் துகளாக்குவது) செய்தது. 1 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலம் 100 மிலி கொதிக்கும்போது, 38.8 மில்லிமோலார் சிட்ரேட் 10 மிலியை ஒரே தடவையில் ஊற்றி நன்றாகக் கலக்கியது. ஒயின் சிவப்பு, உறிஞ்சல் உச்சம் 520 நானோமீட்டர், விட்டம் சுமார் 13 நானோமீட்டர். அப்படியே செல் வளர்க்கும் மீடியத்தில் விட்டால் உப்பு பட்டதும் ஊதாவாகித் திரண்டுவிடும். அதனால் 5000 டால்டன் தயோல்-பெக் (தங்கத்தில் ஒட்டும் பாலிமர்) பூச்சு. இப்போது 150 மில்லிமோலார் உப்பிலும் நிறம் அசையவில்லை.

ஹீலா செல் (மனிதப் புற்றுநோய் செல்), தங்கம் 50 மைக்ரோகிராம்/மிலி, 24 மணி நேரம். 160 கேவி எக்ஸ்ரேயில் காலனிகள் (பிழைத்துப் பெருகிய செல் கூட்டங்கள்) தெளிவாகக் குறைகின்றன. லினாக்கின் (கதிர் சிகிச்சை இயந்திரம்) 6 எம்வியில் (மெகாவோல்ட்) தங்கம் போடாத தட்டுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. தங்கத்தின் கே விளிம்பு (எக்ஸ்ரே உறிஞ்சல் திடீரெனக் கூடும் ஆற்றல்) 80.7 கேஈவி, மெகாவோல்ட்டில் ஒளிமின் விளைவு (கதிரை உறிஞ்சி எலக்ட்ரானை வெளியேற்றுவது) அற்பம் என்பது தெரிந்ததே. ஹைன்ஃபெல்ட் குழு 2004இல் எலிகளில் காட்டியதும் 250 கேவிபியில்தான். (எம்டிடி, அதாவது நிறத்தை அளந்து உயிருள்ள செல்லைக் கணிக்கும் சோதனை, போடச் சொல்லாதீர்கள், 570 நானோமீட்டரில் தங்கமும் உறிஞ்சி அளவைக் கெடுக்கும்.)

பெக் பூச்சால் செல்லுக்குள் போவதே குறைந்துவிட்டதோ என்பதுதான் பெரிய சந்தேகம். ராஜ திராவகத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ்ஸில் (தனிம அளவு காட்டும் கருவி) பார்த்தால் தங்கம் இருக்கிறது, ஆனால் அது உள்ளே போனதா, சவ்வின்மேல் ஒட்டியதா? அயோடின்-பொட்டாசியம் அயோடைடு கழுவலில் வெளித் தங்கத்தை நீக்கியவர்கள் செறிவும் நேரமும் சொல்லுங்கள். குறைந்த ஆற்றல் கதிர் கூடும் என்பதால், ஃபிளாட்டனிங் ஃபில்டர் (கற்றையைச் சமப்படுத்தும் வடிகட்டி) இல்லாத கற்றையில், 10 செமீ ஆழத்தில் தட்டை வைத்து யாராவது முயன்றீர்களா?