ராத்திரி ரெண்டு மணிக்குத் தரையைத் தொட்ட படுக்கை பேட்: உங்களுக்குத் தெரிஞ்சதைப் போடுங்க

நாகலூர்_மிளகு
ஏற்காட்டுக்கு மேல காப்பித் தோட்டம், ஓனர்கிட்ட கேட்டுட்டுப் போட்ட டென்ட். 20 டெனியர் (நூலோட தடிமன் அளவு) நைலான்ல, காத்து ஊதிப் படுக்கிற பேட். ஒன்பது மணிக்குத் தட்டினா மத்தளம். ரெண்டு மணிக்கு, ஒருக்களிச்சுப் படுத்திருந்தவரோட இடுப்பெலும்பு நேரா தரையில. மறுநாள் சேலத்துல தண்ணித் தொட்டியில முக்கிப் பாத்தாச்சு, ஒரு குமிழி கூட வரல. ஓட்டையே இல்லாம எப்படிங்க இறங்கும்?

அடிவாரத்தான்
வாயால ஊதினீங்களா? அப்படின்னா கணக்கு சரியாத்தான் இருக்கு. மூச்சுக் காத்து சுமார் 34 டிகிரி. டிசம்பர்ல அங்க ராத்திரி 12 டிகிரிக்கு இறங்கிடும். அந்த வித்தியாசத்துக்கே காத்து 7 சதவீதம் சுருங்கும். மூச்சுல இருக்கிற நீராவியும் குளிர்ந்து தண்ணியாகி உள்ளயே ஒட்டிக்கும், அதுல இன்னொரு 4 சதவீதம் போச்சு. பேட் துணி ரப்பர் மாதிரி இழுபடாது, அதனால பத்து சதவீதம் குறைஞ்சாலே தொய்வு நல்லா தெரியும்.

டென்ட் போட்டதுமே ஊதி வச்சிடுங்க. சமையல் முடிஞ்சு படுக்கப் போகும்போது ரெண்டு மூணு ஊது கூடுதலா ஊதுங்க. அதுக்கப்புறம் விடிய நின்னுச்சுன்னா குளிர்தான். திரும்பவும் மூணு மணி நேரத்துல இறங்கினா ஓட்டை. பம்ப் சேக் (காத்தைப் பிடிச்சு பேடுக்குள்ள அமுக்கி விடுற பை) இருந்தா இன்னும் நல்லது: வெளிக்காத்தே உள்ள போறதால சுருக்கம் குறையும், உள்ள பூஞ்சையும் பிடிக்காது.

குப்பனூர்_வழி
அண்ணா, எல்லாத்துக்கும் குளிர் மேல பழி போடாதீங்க. தொட்டியில குமிழி வரலைன்னா ஓட்டை இல்லைன்னு அர்த்தமே கிடையாது. மேல ஆள் படுத்தா உள்ள அழுத்தம் ஏறும், ஊசிமுனை ஓட்டை அப்பத்தான் வாய் திறக்கும். நாகலூர்ல ஒரு பேட் இதே மாதிரி. வால்வோட ரப்பர் மடிப்புல ஒரே ஒரு செம்மண் துணுக்கு. வெறுமனே வச்சா நின்னுச்சு, ஆள் படுத்தா இறங்குச்சு.

சோதிக்கிற முறை: இறுக்கமா ஊதுங்க. கால் பக்கத்துல இருந்து மூணு நாலு சுத்து சுருட்டி, அது மேல ஒருத்தர் முட்டி போடணும். இன்னொருத்தர் சோப்பு நுரையை முதல்ல வால்வ்ல, அப்புறம் ஓரத் தையல்ல, கடைசியா அடிப்பக்கத்துல தடவணும். நுரை பொங்குற இடத்தைப் பேனாவால வட்டம் போட்டுட்டு, காத்தை முழுசா இறக்கிக் காய விடுங்க.

அப்புறம் தயவுசெஞ்சு சைக்கிள் கடைக்குக் கொண்டு போகாதீங்க. அங்க ஒட்டின பேட்ச் காலையில தோல் உரிஞ்ச மாதிரி கையோட வந்துச்சு. கடைக்காரர் மேல தப்பில்ல. அந்த சொல்யூஷன் ட்யூப் ரப்பருக்கானது, பேட் துணியில இருக்கிறது டிபியுங்கிற பிளாஸ்டிக் பூச்சு. ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு, யூரித்தேன் பசையை ஓட்டையைச் சுத்தி ஒரு காசு அகலத்துக்குத் தடவி, ஒரு ராத்திரி அசைக்காம விடுங்க. அவசரப்பட்டு ஊதினா பசைக்குள்ள காத்து புகுந்து கொப்புளம் கட்டும்.

ஃபைவ்ரோடு_ஃபோம்
இதுக்கெல்லாம் ஒரே பதில் ஃபோம். மலை அடிவாரத்துல சீமைக்கருவேல முள், மேல போனா உண்ணிச்செடி. முள் முழுசா இறங்கின ஒரு மூடுசெல் (உள்ள இருக்கிற குமிழெல்லாம் தனித்தனியா மூடியிருக்கிற) ஃபோம் மேட்டைப் பாத்திருக்கேன். பிடுங்கிப் போட்டாங்க, அதே மேட்டுல தூங்கினாங்க. கதை அவ்வளவுதான்.

வாங்கப் போறவங்களுக்காகச் சொல்றேன். பெருவிரலால அழுத்தி விட்டுப் பாருங்க, குழி உடனே நிமிரணும். பார்சலுக்குச் சுத்துற வெள்ளை ஃபோம் ரெண்டு ராத்திரியிலயே சப்பையாயிடும். யோகா மேட் வேண்டாம்: பிவிசி, கனம் ஒரு கிலோவைத் தாண்டும், கதகதப்பும் இல்ல. ஒரு பக்கம் வெள்ளிப் பூச்சு இருந்தா அந்தப் பக்கம் உடம்பைப் பாத்து மேல இருக்கணும், பாதிப் பேர் தலைகீழாத்தான் போடுறாங்க. எடை குறையணும்னா தோள்ல இருந்து முட்டி வரைக்கும் 120 செ.மீ. வச்சுக்கிட்டு மீதியை வெட்டிடுங்க, காலுக்குக் கீழ காலி பையைப் போட்டுக்கலாம். வெட்டின துண்டு பாறையில உக்கார உதவும். பையோட வெளிப்பக்கம் கட்டினா மழை உறை போட்டுக் கட்டுங்க. ஃபோம் தண்ணி குடிக்காது, ஆனா முட்டைத் தட்டு மாதிரி இருக்கிற அந்தக் குழிகள்ல தங்கின தண்ணி டென்டுக்குள்ள வரும்.

அஸ்தம்பட்டி_அக்கா
யாரும் கேக்காமலே இவ்வளவு நீளமா! தம்பி, எடையைச் சொல்றீங்களே, கணக்குப் பாத்தீங்களா? தெர்மரெஸ்ட் இசட் லைட் சோல் முழு நீளம் 410 கிராம், 2 செ.மீ. தடிமன், ஆர்-வேல்யூ (தரைக் குளிரைத் தடுக்கிற அளவு, கூடினா கதகதப்பு) 2. அதே கம்பெனியோட நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி காத்து பேட் 370 கிராம், 7.6 செ.மீ., ஆர்-வேல்யூ 4.5. ஃபோம் மலிவு, ஓட்டை விழாது, ஒத்துக்கிறேன். ஆனா இலகுன்னு மட்டும் சொல்லாதீங்க.

ஏற்காட்டுக் குளிருக்கு ஆர்-வேல்யூ 2 போதும். இங்க தடிமன்தான் கேள்வி. மல்லாந்து படுக்கிறவங்களுக்கு 2 செ.மீ. சரிதான். ஒருக்களிச்சுப் படுக்கிறவங்களுக்கு 5 செ.மீ.க்குக் குறைஞ்சா இடுப்பும் தோளும் காலையில சொல்லும். கடையிலயே பக்கவாட்டுல படுங்க. இடுப்புக்குக் கீழ கையை நுழைச்சுப் பாருங்க, தரை தட்டக் கூடாது. ரொம்ப இறுக்கமா ஊதினாலும் தப்பு, உருண்டு விழுவீங்க.

ஏஎஸ்டிஎம் எஃப்3340ங்கிற பொதுச் சோதனை முறையில அளந்த ஆர்-வேல்யூவை மட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுங்க. "மைனஸ் 10 டிகிரி வரை"ன்னு அட்டையில இருக்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரெண்டு மேட்டை அடுக்கினா ஆர்-வேல்யூ கூடும். காத்து பேட் வச்சிருக்கிறவங்க அடியில மெல்லிசா ஒரு ஃபோம் போட்டா முள்ளும் தடுக்கும், சரிவுல வழுக்கவும் வழுக்காது.

ஃபைவ்ரோடு_ஃபோம்
அக்கா, 370 கிராமோட பேட்ச், பசை, பம்ப் சேக் எடையையும் சேர்த்துச் சொல்லுங்க.

சூரமங்கலம்_ஜங்ஷன்
சண்டைக்கு நடுவுல ஒண்ணு. சேலத்துல வீட்டுலயே கெட்டியா ஊதி, வால்வை மூடி, கார் டிக்கியில போட்டு மேல கொண்டு போன பேட். இருபதாவது கொண்டை ஊசி தாண்டித் திறந்தா நடுவுல பூசணிக்காய் அளவுக்கு வீக்கம். மேல் துணியையும் கீழ் துணியையும் உள்ள சேர்த்துப் பிடிச்சிருந்த தடுப்பு ரெண்டு பிரிஞ்சு போச்சு. சேலத்தை விட அங்க காத்தழுத்தம் ஏழுல ஒரு பங்கு குறைவு, போதாததுக்கு டிக்கிச் சூடு. பிரிஞ்ச தடுப்பை எந்தப் பசையாலயும் ஒட்ட முடியாது, ஏன்னா அது உள்பக்கம். பகல்ல டென்டுக்குள்ள வெயில்ல விட்டாலும் இதே கதிதான், கிளம்பும்போது வால்வைத் திறந்து விட்டுடுங்க.

நாகலூர்_மிளகு
முட்டி போட்டு, நுரை தடவிப் பாத்தாச்சு. வால்வ் ஓரத்துல பொங்குது. குப்பனூர் அண்ணா, அந்த ரப்பர் மடிப்பை வெறும் தண்ணியில கழுவினா போதுமா, இல்ல கழட்டணுமா?

குப்பனூர்_வழி
கழட்டாதீங்க. வால்வைத் திறந்து வச்சு வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, பஞ்சுக் குச்சியால மடிப்போட ஓரத்தைச் சுத்தித் துடைங்க. எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம், மண்ணை இன்னும் பிடிச்சு வைக்கும்.