ஏஸ் கார்டை மூடிவிட்டு எஸ்பிஐ கேஷ்பேக் கார்டுக்கு மாறலாமா?

மலைக்கோட்டை_வாசி:
என்னிடம் இருப்பது ஒரே ஒரு கிரெடிட் கார்டு, 2021-ல் வாங்கிய ஆக்சிஸ் ஏஸ். எதற்குத் தேய்த்தாலும் 2% திரும்ப வரும் என்பதற்காகவே வாங்கினேன். 2024 ஏப்ரலில் அதை 1.5% ஆக்கிவிட்டார்கள். எஸ்பிஐ கேஷ்பேக் கார்டில் ஆன்லைனில் எந்தத் தளத்தில் வாங்கினாலும் 5%, கடையில் தேய்த்தால் 1%. அதனால் ஏஸை மூடிவிட்டு இதற்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன்.

என் செலவைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் மளிகை, அம்மாவின் மருந்து, பிள்ளைகளுக்குத் துணிமணி எல்லாம் சேர்த்து மாதம் 12,000. நேரில் கடைகளில் 8,000. கரண்ட் பில், இன்டர்நெட், மொபைல் ரீசார்ஜ் சராசரியாக 3,000, இதை கூகுள் பே வழியாக ஏஸ் கார்டில் கட்டுகிறேன், அதற்கு மட்டும் 5% வருகிறது. ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்டிவிடுவேன், இதுவரை ஒரு ரூபாய் வட்டி கொடுத்ததில்லை. மாறுவது சரிதானா?

கணக்குப்பிள்ளை:
தாராளமாக மாறுங்கள். ஏஸில் 20,000-க்கு 1.5% என்றால் 300, பில்களுக்கு 150, ஆக மாதம் 450, வருடத்துக்கு 5,400. எஸ்பிஐ கார்டில், பில்களைக் கணக்கில் சேர்க்காமல், 12,000-க்கு 600, கடையில் தேய்க்கும் 8,000-க்கு 80, ஆக மாதம் 680, வருடத்துக்கு 8,160. வருடச் சந்தா 999, ஜிஎஸ்டி சேர்த்து 1,179, அதுவும் வருடத்தில் 2 லட்சம் செலவு செய்தால் அடுத்த வருடம் தள்ளுபடி. நீங்கள் 2.4 லட்சம் செய்கிறீர்கள். முதல் வருடம் சந்தாவைக் கழித்தாலும் 6,981 கையில் நிற்கும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பழைய_வங்கிக்காரர்:
தம்பி, மாறுவது வேறு, மூடுவது வேறு. புதியதை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இருப்பதிலேயே பழைய கார்டை, அதுவும் உங்களிடம் இருக்கும் ஒரே கார்டை மூடாதீர்கள். அதன் லிமிட் எவ்வளவு? லிமிட்டில் எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறீர்கள் என்பதை சிபில் ஸ்கோர், அதாவது கடனை எப்படிக் கையாள்கிறீர்கள் என்பதற்கான மதிப்பெண், பார்க்கும். புதிய கார்டுக்கு எவ்வளவு லிமிட் கொடுப்பார்கள் என்பது கைக்கு வந்த பிறகுதான் தெரியும். முப்பது வருடம் கிளையில் உட்கார்ந்து கடன் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன், ஸ்கோர் ஏன் இறங்கியது என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களில் பலர் இந்த மாதிரி நல்ல நோக்கத்தில் எதையாவது மூடிவிட்டு வந்தவர்கள்.

மலைக்கோட்டை_வாசி:
லிமிட் 60,000 சார். மாதம் 23,000 போகிறது.

பழைய_வங்கிக்காரர்:
38% வருகிறது. 30-க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். இப்போதே தாண்டித்தான் இருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
சார் சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். மூடிய கார்டும் சில வருடங்கள் சிபில் அறிக்கையில் இருக்கும், மறுநாளே வரலாறு அழிந்துவிடாது. தவிர, ஒரு கார்டு வைத்திருப்பவர் அதே ஒரு கார்டு வைத்திருந்தால் நிர்வாகம் எளிது. இரண்டு கெடு தேதி, இரண்டு ஆப், இரண்டு பில் என்று போனால் ஒருநாள் மறந்துவிடுவார். ஒரே ஒருமுறை கெடு தவறினால் தாமதக் கட்டணம், அதோடு வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல். வருடம் முழுவதும் சேர்த்த கேஷ்பேக்கில் ஒரு கணிசமான பங்கு அதில் போய்விடும்.

வாசல்கோலம்:
நான் இரண்டு கார்டு கட்சி. ஆன்லைன் செலவு முழுக்க எஸ்பிஐ, கடையும் பில்லும் ஏஸ். மாதம் 600 + 120 + 150 = 870. வருடத்துக்கு 10,440! எதற்கு ஒன்றை விடவேண்டும்?

கணக்குப்பிள்ளை:
அக்கா, சந்தாவை விட்டுவிட்டீர்கள். செலவை இரண்டாகப் பிரித்தால் எஸ்பிஐ-யில் வருடத்துக்கு 1.44 லட்சம், ஏஸில் 1.32 லட்சம். இரண்டிலும் 2 லட்சம் வராது, இரண்டுக்கும் சந்தா விழும். 1,179, ஏஸுக்கு 499-உம் ஜிஎஸ்டியும் சேர்த்து 589. மீதி 8,672. இன்னொன்று, கூகுள் பேயில் கார்டு வழியாக பில் கட்டினால் இப்போது தனிக் கட்டணம் போடுகிறார்கள், 1% வரைக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி. மாதம் 3,000-க்கு 35 ரூபாய், வருடத்துக்கு 425. அதையும் கழித்தால் 8,247. எஸ்பிஐ மட்டும் வைத்திருந்தால் இரண்டாம் வருடம் முதல் 8,160. வித்தியாசம் 87 ரூபாய்! 87 ரூபாய்க்காக ஒரு மனிதர் வருடம் முழுவதும் இரண்டு கெடு தேதியை நினைவில் வைத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

(மலைக்கோட்டை, இந்தக் கட்டணத்தைக் கழித்தால் உங்களுடைய இப்போதைய 5,400-உம் 4,975 ஆகிவிடும். முதலில் நான் போட்ட கணக்கில் இதை விட்டுவிட்டேன்.)

வாசல்கோலம்:
கணக்கு சரிதான், ஆனால் நீங்கள் ஒரு படி முன்னாடியே நின்றுவிட்டீர்கள். எஸ்பிஐ-யில் 2 லட்சம் வர இன்னும் 56,000 வேண்டும், அவ்வளவுதானே? ஏழு மாதம் கடைச் செலவையும் அதிலேயே தேய்த்தால் சரியாக 56,000. 1.5% கிடைக்கிற இடத்தில் 1% கிடைப்பதால் 280 ரூபாய் நஷ்டம், ஆனால் 1,179 சந்தா மிச்சம். அப்போது 9,146. உங்கள் 87 இப்போது 986 ஆகிவிட்டது. நான் இப்படித்தான் செய்கிறேன், ஆப்பில் வருடச் செலவு எவ்வளவு என்று காட்டும், அதைப் பார்த்துப் பார்த்துத் தேய்ப்பேன். கெடு தேதிக்கு இரண்டு கார்டிலும் ஆட்டோ டெபிட் போட்டுவிட்டால் மறதி என்ற பேச்சே இல்லை, கணக்கில் பணம் மட்டும் இருக்கவேண்டும்.

ரொக்கமே_போதும்:
இத்தனை பேரும் கூட்டிக் கழித்துச் சண்டை போடுவது வருடத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்கு. ஒன்று கேட்கிறேன், 5% வருகிறதே என்று மாதம் 2,000 ரூபாய்க்கு வேண்டாத பொருள் ஒன்று வாங்கினால்? கேஷ்பேக் 100 ரூபாய் போக 1,900 நஷ்டம். எனக்கு அது நடந்தது. கார்டு வந்த முதல் வருடம் வீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போனது, என்ன வாங்கினோம் என்று பில்லைப் பார்த்தால் பாதிப் பொருள் பெட்டியே பிரிக்காமல் பரணில் இருந்தது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யூபிஐ-க்குப் போனேன். கணக்கிலிருந்து உடனே பணம் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது, கை தானாக நிற்கிறது.

மலைக்கோட்டை_வாசி:
அண்ணே, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் என் 12,000-இல் அம்மாவின் மருந்து மட்டும் 4,500. கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வாங்கித்தான் ஆகவேண்டும். நான்கு வருடமாக ஒரு நோட்டில் செலவு எழுதி வருகிறேன், கார்டால் கூடவில்லை.

ஜவுளிக்கடை_ஈரோடு:
கடைக்காரன் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிரெடிட் கார்டு தேய்த்தால் கிட்டத்தட்ட 2% எனக்குப் பிடித்துக்கொண்டுதான் பணம் வருகிறது. கணக்கிலிருந்து நேரடியாக யூபிஐ போட்டால் எனக்கு ஒரு பைசா பிடிப்பதில்லை, 2020 ஜனவரியிலிருந்து அப்படித்தான். உங்களுக்குக் கடையில் வரும் 1% எங்கிருந்தோ வருவதில்லை, என் லாபத்திலிருந்து போவதில் ஒரு பங்குதான் அது. சேலையில் எனக்கு நிற்பதே கொஞ்சம். பெரிய கடையில் தேய்த்துக்கொள்ளுங்கள், தெருமுனைக் கடையில் யூபிஐ போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 8,000-க்கு 1% என்றால் மாதம் 80 ரூபாய், அதை விட்டுக்கொடுப்பதில் உங்களுக்குப் பெரிய இழப்பு இல்லை.

மலைக்கோட்டை_வாசி:
இது நான் யோசித்ததே இல்லை. எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் இனி யூபிஐதான்.

தேனி_ஏலக்காய்:
5% என்று விளம்பரத்தில் இருப்பது எல்லாவற்றுக்கும் கிடையாது, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. அந்த எஸ்பிஐ கார்டு வந்தது 2022 செப்டம்பரில். எட்டே மாதத்தில், 2023 மே மாதம் விதியை மாற்றினார்கள். மாதம் 10,000 வரை கிடைத்த கேஷ்பேக்கை 5,000 ஆக்கினார்கள், பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ், கரண்ட் பில், நகைக்கடை எல்லாம் கேஷ்பேக் பட்டியலிலிருந்து வெளியே போயின. பெட்ரோல், வாடகை, வாலெட்டில் பணம் போடுவது எதற்கும் கிடையாது. ஏஸ் 2%-ஐ 1.5% ஆக்கியது என்று கோபப்பட்டு நீங்கள் போகும் இடமும் அதே வேலையைச் செய்த இடம்தான். இக்கரைக்கு அக்கரை பச்சை.

இன்னொரு விஷயம். எதற்குக் கேஷ்பேக் என்று முடிவு செய்வது நீங்கள் வாங்கும் பொருள் அல்ல, அந்த வியாபாரிக்குக் கொடுத்திருக்கும் வகை எண். நான் ஒரு ஆப்பில் பிள்ளையின் ட்யூஷன் கட்டணம் 18,000 கட்டினேன், ஆன்லைன்தானே, 900 வரும் என்று இருந்தேன். அந்த நிறுவனம் கல்வி வகையில் பதிவாகியிருந்தது, ஒன்றும் வரவில்லை. கார்டு எந்த வங்கி என்பது இங்கே முக்கியம் இல்லை, எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். முதல் மாதம் சின்னத் தொகையில் ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள், பில்லில் எதற்கு விழுந்தது, எதற்கு விழவில்லை என்று தெரிந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
விதி மாறும் என்பதால் இன்று கிடைப்பதை வாங்காமல் இருக்க முடியுமா? மாறினால் அப்போது இன்னொன்றுக்குப் போகலாம். கார்டோடு நமக்கென்ன தாலி கட்டிய உறவா?

தேனி_ஏலக்காய்:
போகலாம். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு விண்ணப்பம், சிபிலில் ஒரு விசாரணைப் பதிவு (வங்கி உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தது என்ற குறிப்பு), ஒரு முதல் வருடச் சந்தா. அதையும் கணக்கில் எழுதுங்கள்.

கடலூர்_காற்று:
மூடுகிறவர்களுக்கு என் கதை. ஒரு வங்கியின் கார்டை வேண்டாம் என்று கஸ்டமர் கேரில் போனில் சொன்னேன். சரி சார் என்றார்கள். கார்டை வெட்டிப் போட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து சந்தா விழுந்திருக்கிறது, பழைய மெயில் ஐடிக்கு பில் போயிருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. அது வளர்ந்து ஆயிரத்தைத் தாண்டி, என் ஸ்கோர் சரிந்து, பைக் கடன் கேட்கப் போனபோதுதான் தெரிந்தது. அன்று அந்த ஷோரூமில் மனைவி முன்னால் நின்றது இன்னும் மறக்கவில்லை. அதனால் எழுத்தில் கேளுங்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, பாக்கி இல்லை என்றால் கேட்ட 7 வேலை நாளில் மூடவேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். மூடியாகிவிட்டது என்ற மெயிலை பத்திரமாக வையுங்கள். அப்புறம் ஓடிடி மாதிரி மாதாமாதம் தானாகப் போகிறவற்றை முதலில் வேறு கார்டுக்கு மாற்றுங்கள், வரவேண்டிய கேஷ்பேக் வந்த பிறகு விண்ணப்பியுங்கள்.

மலைக்கோட்டை_வாசி:
எல்லாருக்கும் நன்றி. சரி, ஏஸை மூடவில்லை. எஸ்பிஐ-க்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிட்டு அக்கா சொன்ன மாதிரி இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். வீட்டுக் கடன் வேலையும் அடுத்த மாதம் ஆரம்பிக்கிறது, அதற்குள் கார்டு வந்துவிட்டால் நல்லது.

பழைய_வங்கிக்காரர்:
நில்லுங்கள். வீட்டுக் கடனா? எவ்வளவு, ஸ்கோர் எவ்வளவு, ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

மலைக்கோட்டை_வாசி:
35 லட்சம், 20 வருடம். ஸ்கோர் 752. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை சார்.

பழைய_வங்கிக்காரர்:
தம்பி, பல வங்கிகள் வீட்டுக் கடன் வட்டியை ஸ்கோர் பார்த்துப் படிபடியாகத்தான் சொல்கின்றன. 750 என்பது பல இடங்களில் ஒரு படி. நீங்கள் அந்தப் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள். புதிய கார்டு கேட்டால் ஒரு விசாரணை பதிவாகும், புதிய கணக்கு ஒன்று சேரும், சில புள்ளிகள் இறங்கலாம். வட்டி கால் சதவீதம் கூடினால் 35 லட்சத்துக்கு முதல் வருடத்தில் மட்டும் 8,700 ரூபாய்க்குப் பக்கத்தில் கூடும். நீங்கள் கார்டில் சம்பாதிக்கப்போவது மூவாயிரம்.

கணக்குப்பிள்ளை:
சார், ஒரு விசாரணைக்கு இறங்குவது கொஞ்சம்தான். மறுபக்கம் புதிய லிமிட் சேர்ந்தால் அந்த 38% குறையும், ஸ்கோர் ஏறக்கூட வாய்ப்பு இருக்கிறது.

பழைய_வங்கிக்காரர்:
ஏறலாம், இறங்கலாம். 790 உள்ளவருக்கு நீங்கள் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். 752-ல் நிற்கிறவரை வைத்து அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லமாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
ஆறு மாதம் காத்திருந்தால் மாதம் 265 வீதம் சுமார் 1,600 ரூபாய் விட்டுப்போகும். அதில் முதல் வருடச் சந்தாவும் இப்போதைக்கு மிச்சம் என்று பார்த்தால் நஷ்டம் 400-தான். சரி, இந்த ஒரு விஷயத்தில் சார் சொல்வதைக் கேளுங்கள். கடன் கைக்கு வந்ததும் விண்ணப்பியுங்கள், என் கருத்து அப்போதும் மாறாது.

வாசல்கோலம்:
வீட்டுக்காரர் பெயரிலோ வீட்டுக்காரம்மா பெயரிலோ கேட்டுப் பார்க்கலாமே?

மலைக்கோட்டை_வாசி:
கடனில் மனைவியும் கூட்டு விண்ணப்பதாரர் அக்கா. அவர் ஸ்கோரையும் பார்ப்பார்கள்.

பழைய_வங்கிக்காரர்:
அப்படியென்றால் இருவரும் கைவைக்க வேண்டாம். அதுவரை ஒரு வேலை செய்யுங்கள், அந்த 38%-ஐ இறக்கலாம். பில் போடும் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே பாதிப் பணத்தைக் கட்டிவிடுங்கள். சிபிலுக்குப் பெரும்பாலும் போவது பில்லில் இருக்கும் தொகைதான். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும், அதனால் பலன் தெரிய அதிக நாள் ஆகாது.

மலைக்கோட்டை_வாசி:
பில் தேதி 14. இந்த மாதம் 12-ம் தேதியே 15,000 கட்டிவிடுகிறேன் சார். விண்ணப்பத்தைப் பாதியில் நிறுத்தி ஆப்பை மூடிவிட்டேன்.