சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு கணினிச் சங்கத்தில் சேர்ந்து என்ன பயன்?

தோட்டத்துப் பெண்:
ஐடி டிப்ளோமா முடித்துவிட்டு இங்கே ஒரு கிளினிக்குக்கும் சில கடைகளுக்கும் கணினி வேலை பார்க்கிறேன். மலேசிய தேசிய கணினிக் கூட்டமைப்பில், அதான் எம்.என்.சி.சி.யில், உறுப்பினராகச் சேரும்படி விரிவுரையாளர் சொன்னார். அப்பா பால்மரம் சீவியவர், தோட்டத் தொழிலாளர் சங்கமான என்.யு.பி.டபிள்யூ.வில் உறுப்பினர். சம்பளம் பேசாத சங்கத்துக்கு எதற்குச் சந்தா என்கிறார், எனக்கும் சொல்லத் தெரியவில்லை. சேராவிட்டால் நாளைக்கு இந்த வேலையே செய்ய முடியாமல் போகுமா?

ஈப்போ அண்ணன்:
போகாது தங்கச்சி. பொறியாளர்களுக்கு 1967 சட்டம் இருக்கிறது, வாரியத்தில் பதிய வேண்டும். நம் துறைக்கும் அப்படி ஒரு வாரியம் அமைக்க 2011 கடைசியில் மசோதா வரைவு வந்தது, துறைக்காரர்களே கடுமையாக எதிர்த்தார்கள், சட்டமாகவில்லை. 2024 இணையப் பாதுகாப்புச் சட்டம் உரிமம் கேட்பது, ஊடுருவல் சோதனையும் (அனுமதியோடு கணினிக்குள் புகுந்து ஓட்டை தேடுவது) பாதுகாப்புக் கண்காணிப்பும் சேவையாக விற்பவர்களிடம். உங்கள் வேலை அதில் வராது.

பந்திங் அக்கா:
அப்பா சொல்வது சரிதான், இது சம்பளத்துக்குப் பேசாது. ஆனால் கிளினிக் முதலாளி நோயாளிகளின் போன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்து, தெரிந்த காப்புறுதி ஏஜெண்டிடம் கொடு என்று சொன்னால் என்ன செய்வாய்? பெரிய கம்பெனியில் மேலே யாரிடமாவது கேட்கலாம், உன் ஊரில் நீ ஒருத்திதான். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதை முதலாளி முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சல் வேண்டுமே. அங்கேதான் இந்த மாதிரிச் சங்கங்களின் ஒழுக்க விதிகள் கைகொடுக்கும். உதாரணத்துக்கு, பிரிட்டிஷ் கணினிச் சங்கம் 1957இல் தொடங்கியது, அதன் விதிகளில் முதலில் வருவதே பொதுநலன், முதலாளிக்கான கடமை அதற்குப் பிறகுதான். "இது என் தொழில் விதி, செய்ய முடியாது" என்று சொல்லவும், குழப்பம் வந்தால் ஒரு மூத்தவரைக் கேட்கவும் வழி இருக்கிறதே, சின்ன ஊரில் தனியாக வேலை செய்கிறவர்களுக்குத்தான் இது ரொம்பத் தேவை என்பேன்.

குளுவாங் தம்பி:
அக்கா சொன்னதற்காகச் சேருங்கள், வெளிநாடு போகலாம் என்று சேராதீர்கள். ஆஸ்திரேலியா குடியேற்றத்துக்கு ஐடி தகுதியை மதிப்பிடுவது அந்நாட்டுக் கணினிச் சங்கம்தான், அதற்கு உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, படிப்பையும் அனுபவத்தையும்தான் பார்ப்பார்கள். கையில் காசு குறைவென்றால் முதலில் ஒரு நெட்வொர்க் சான்றிதழ் எடுங்கள், சந்தா அடுத்த வருஷம் கட்டலாம்.

தோட்டத்துப் பெண்:
நன்றி அக்கா, கிளினிக் உதாரணத்தை அப்பாவிடம் சொன்னேன், அதற்கு மட்டும் தலையாட்டினார். ஈப்போ பக்கம் உறுப்பினர் யாராவது இருந்தால் எழுதுங்கள், பணம் கட்டுமுன் ஒரு தடவை நேரில் பேசிப் பார்க்கணும்.