எடுத்துடுங்க டாக்டர், இன்னொரு நாள் லீவு கிடைக்காது

இலவசப் பல் முகாமுக்குப் போனவர்கள், நடத்தியவர்கள், போய் நொந்து வந்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

நான் பல் டாக்டர் இல்லை. மலேசியாவில், பட்டர்வொர்த்தில் கணக்கு எழுதும் ஆள். "ஆள் பத்தலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாடா" என்று பள்ளி நண்பன் இழுத்துக்கொண்டு போனான்; இதுவரை ஏழெட்டு முகாம் ஆகிவிட்டது. பெயர் பதிவேன், பிரஷர் பார்ப்பேன், டார்ச் பிடிப்பேன். ஆனால் என்னை உண்மையில் கூப்பிடுவது தமிழுக்காக. வருகிற டாக்டர்களில் பாதிப் பேர் சீனர், மலாய்க்காரர். நம் பாட்டிகளுக்கு மலாய் வரும், வலியை மலாயில் சொல்ல வராது. அவர்களுக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், எல்லாமே 'சாக்கிட்'தான், வெறும் 'வலி'. தமிழில் கேட்டால் ஒருவர் "ஐஸ் தண்ணி பட்டா கூசுது" என்பார், இன்னொருவர் "கடிச்சா மட்டும் சுருக்குங்குது" என்பார், மூன்றாமவர் "ராத்திரி பூரா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, தூக்கமே இல்லை" என்பார். டாக்டருக்கு இவை மூன்றும் வேறு வேறு. கூச்சம் மட்டும் என்றால் பெரும்பாலும் அடைத்துவிடலாம். இரவில் தானாகத் தெறிக்கிறது என்றால் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். இதை நான் மாற்றிச் சொல்லிவிட்டால் ஒரு நல்ல பல் போய்விடும் என்ற பயம் இன்றைக்கும் உண்டு.

போன முகாம் நிபோங் திபால் பக்கம், ஒரு கோயில் மண்டபத்தில். ரப்பர் தோட்டம் போய் செம்பனையும் வீடுகளுமாக மாறிவிட்ட இடம். முப்பத்தைந்து வயது இருக்கும், தொழிற்சாலையில் தினச்சம்பளத்துக்கு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "இந்தக் கடவாய்ப் பல்லை எடுத்துடுங்க" என்றார். டாக்டர் பார்த்துவிட்டு, காப்பாற்றக்கூடிய பல், வேர் சிகிச்சை செய்தால் இன்னும் பல வருடம் வரும் என்றார். அதற்கு மூன்று நான்கு தடவை வர வேண்டும். தனியார் கிளினிக்கில் நூற்றுக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்). அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ரொம்பக் குறைவு, ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். அண்ணன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "எடுத்துடுங்க டாக்டர், இன்னொரு நாள் லீவு கிடைக்காது."

எடுத்தார்கள். முன்பெல்லாம் இதை அறியாமை என்று நினைப்பேன். இல்லை, அவர் போட்ட கணக்கு சரிதான். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். முகாம் முடிந்ததும் பேனரைப் பிடித்துக்கொண்டு "இத்தனை பல் எடுத்தோம்" என்று படம் போடுகிறார்களே, அந்த எண்ணிக்கையில் பாதி நாம் தோற்றுப்போன பற்கள்.

இன்னொன்று, டோக்கன் சண்டை. பதினொரு மணிக்கே டோக்கன் முடிந்தது என்றால் ஜனங்கள் திட்டுகிறார்கள். "டாக்டர் சும்மாதானே உட்கார்ந்திருக்கார்?" ஆமாம், சும்மாதான் உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் ஆயுதங்கள் கிருமி நீக்கும் ஆவிப் பெட்டிக்குள் இருக்கும். 134 டிகிரியில் மூன்று நிமிடம் என்று கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. அந்தப் பெட்டி சூடேறி, ஆவி அடங்கி, ஆயுதம் காய்ந்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகிவிடும். டாக்டர் எத்தனை பேர் என்பதைவிட இடுக்கி எத்தனை செட் என்பதுதான் கணக்கு. அன்றைக்கு அந்தப் பெட்டியும் கம்ப்ரஸரும் ஓடிக்கொண்டிருக்கும்போது அன்னதானக் கூடத்தில் யாரோ கிரைண்டரைப் போட்டார்கள். மொத்த மண்டபமும் இருட்டு. வாயைத் திறந்தபடி ஒருவர், ஊசியைப் பிடித்தபடி டாக்டர், நடுவில் என் டார்ச். தேங்காய்ச் சட்னி அரைத்து முடிக்கும்வரை மருத்துவம் நின்றது.

அன்று கடைசியாக வந்தது ஒரு பாட்டி. எழுபது தாண்டியிருக்கும். இடுப்பில் சுருக்குப்பை, உதடெல்லாம் சிவப்பு. "பின்னாடி ஒரு பல் ஆடுது, புடுங்கிவிடு சாமி." வாயைத் திறக்கச் சொன்னால் திறக்கப் பார்க்கிறார், ஆனால் வாய் முழுசாகத் திறக்கவில்லை. நம் மூன்று விரலை நிறுத்தி அடுக்கினால் வாய்க்குள் போக வேண்டும். அவருக்கு ஒன்றரை விரல்தான் போனது. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, இழுத்துக் கட்டிய தோல் மாதிரி விறைப்பு. "காரம் சாப்பிட்டால் எரியுதா பாட்டி?" என்று டாக்டர் கேட்கச் சொன்னார். "ரெண்டு வருசமா ரசம்கூட எரியுது, வயசாச்சுல்ல" என்றார் பாட்டி.

வயசு இல்லை, பாக்கு. புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில், புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கையும், பாக்கைத் தனியாகவும்கூட, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையிலேயே வைத்திருக்கிறது. பாட்டியின் பல்லை அன்று எடுக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். பாட்டிக்குக் கோபம். "ஒரு பல்லுக்கு வந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்புறான்" என்று முனகிக்கொண்டே கடிதத்தைச் சுருக்குப்பையில் பாக்குக்குப் பக்கத்திலேயே செருகினார்.

ஓய்வுபெற்ற ஒரு பல் தாதி, பினாங்கு:

தம்பி, கிரைண்டர் கதையைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். நான் எழுபதுகளில் பினாங்குப் பயிற்சிப் பள்ளியில் படித்தவள். 1949-இல் ஆரம்பித்த பள்ளி அது. நியூசிலாந்துக்காரர்கள் 1921-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பல் தாதிகளைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்களே, அதே வழி. மடக்கு நாற்காலி, காலால் மிதிக்கிற துளைக்கருவி, இவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போவோம். வேன் சத்தம் கேட்டதும் பையன்கள் ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஓடிவிடுவான்கள். தலைமையாசிரியர் பிரம்போடு போய்ப் பிடித்து வருவார்.

ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இன்றும் வருகிறது. 1972-இலேயே நாடு முழுக்கக் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பது என்று முடிவாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் குடித்த தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) பிள்ளைகளுக்கு அது எட்டியது ரொம்பப் பிற்பாடு, அந்த வித்தியாசத்தை வாயைத் திறந்ததுமே பார்த்திருக்கிறேன். இப்போது விடுபடுவது பள்ளியை விட்டு வெளியே வந்தவர்கள். பதினேழு வயதோடு எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார்கள், அப்புறம் நாற்பது வயதில் நாலு பல்லோடு முகாமுக்கு வருவார்கள்.

செந்தூல், கோலாலம்பூர்:

அக்கா, பள்ளிக்கே போகாத பிள்ளைகளும் உண்டு. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் முகாம் நடந்தபோது ஒன்பது வயதுப் பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். பிள்ளைக்கு ஐசி (அடையாள அட்டை) இல்லை, பிறப்புப் பத்திரத்திலும் குடியுரிமை இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளிநாட்டுக்காரர் கட்டணம். இங்கேயே பிறந்த பிள்ளை! டோக்கனில் பெயர் எழுதவே அம்மாவுக்குப் பயம். "வெறும் நம்பர் போடுங்க அண்ணே" என்றார், போட்டோம்.

சொத்தையில் தடவும் மருந்து ஒன்று இருக்கிறது, வெள்ளி உலோகம் கலந்தது. துளைக்க வேண்டாம், ஊசி வேண்டாம், சொத்தை பரவுவதை நிறுத்தும். ஆனால் தடவிய இடம் கறுத்துவிடும். அம்மா கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். "பொம்பளப் பிள்ளை டாக்டர், பல்லு கறுப்பா இருந்தா நாளைக்கு?" கடைசியில் பின்பற்களுக்கு மருந்து, முன்பல்லுக்கு அடைப்பு என்று பேசி முடித்தோம். அந்தப் பிள்ளை கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ஐந்து நிமிடம் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தது.

சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்குக்கு வேலைக்கு வருபவன்:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் அப்பாவுக்கு ஒரு முகாமில் பல் எடுத்தார்கள், யார் என்று சொல்ல விரும்பவில்லை. இருதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ராத்திரி தலையணை பூரா ரத்தம். கூப்பிடலாம் என்று பார்த்தால் கொடுத்த காகிதத்தில் நம்பர் இல்லை. பஞ்சைக் கடிக்க வைத்தே விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். இலவசம் என்றால் மறுநாளுக்கும் சேர்த்துத்தானே?

பட்டர்வொர்த் (ஆரம்பித்தவன்):

நியாயம், பதில் இல்லை. எங்கள் படிவத்தில் மாத்திரைக் கேள்வி மூன்றாவதாக இருந்தது, முதலாவதாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். "மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் இல்லை என்பார்கள். "பையில என்ன மாத்திரை இருக்கு, காட்டுங்க" என்றால் எல்லாம் வெளியே வரும்.

பாட்டியைப் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மகள் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் கன்னத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தார்களாம், புற்று இல்லை. ஆனால் அப்படி மாறக்கூடியது, தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். பாக்கை விட்டுவிட்டாராம், வெறும் வெற்றிலையை மென்றுகொண்டு வீட்டில் எல்லாரிடமும் சண்டை. போனை வாங்கி என்னிடமும் பேசினார்.

"எல்லாம் சரி சாமி, அந்த ஆடுற பல்லை எப்ப புடுங்குவீங்க?"