பாதராவதற்குப் படிக்கும் குருமடத்துக்குப் போகலாமா என்று செபித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். உயர்தரம் முடித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பாவுக்கு ஃபெக்டரியில் வேலை. பாதராக வேண்டும் என்ற ஆசை பீடச்சிறுவனாக இருந்த காலத்திலேயே வந்தது, ஆனால் அந்த வயதில் அந்த ஆசை நிறையப் பேருக்கு வரும்.

எங்கள் டிவிஷன் கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பூசை. போன மழைக்காலத்தில் எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பாட்டி இழுத்துக்கொண்டு கிடந்தார். பாதருக்குப் போன் போட்டோம், அவர் வேறொரு தோட்டத்தில் இருந்தார், பாதையும் மோசம், வந்து சேர நன்றாக இருட்டிவிட்டது. பாட்டி அதுவரை கண்ணைத் திறந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதர் எண்ணெய் பூசிச் செபித்து நோயில் பூசுதல் கொடுக்கும்போது டோர்ச் பிடித்தது நான்தான். பாட்டியின் முகம் மாறியதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அன்று இரவே எனக்குள் "நான் போகிறேன்" என்று ஒன்று எழுந்தது.

பாதரிடம் சொன்னேன். சந்தோசப்பட்டார், ஆனால் உடனே தலையாட்டவில்லை. "தேவை இருக்கிறது என்பது வேறு, கடவுள் உன்னைக் கூப்பிடுகிறார் என்பது வேறு. தேவையைப் பார்த்து உபதேசியாராகவும் ஆகலாம், டொக்டராகவும் ஆகலாம். செபத்தில் கேட்டுப் பார்" என்றார்.

லயத்தில் தனிமை கிடைக்காது, சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடும். அதனால் விடிய முன்னமே எழும்பி, அம்மா மலைக்குக் கிளம்பும் முன் அடுப்படியில் உட்கார்ந்து அன்றைய நற்செய்தியை வாசிக்கிறேன். தினமும் "போகட்டுமா, வேண்டாமா" என்று கேட்டு ஆண்டவரை நச்சரிக்காதே என்று பாதர் சொல்லியிருந்தார். வாசி, சும்மா இரு, நன்றி சொல், இரவில் கொப்பியில் எழுது, எதை நினைத்தபோது மனம் அமைதியானது, எதை நினைத்தபோது குழம்பியது என்று. இது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் காட்டிய வழி. 1521இல் பம்ப்லோனா சண்டையில் கால் உடைந்து படுத்துக் கிடந்தபோது, வீரசாகசக் கனவுகளும் அவருக்கு இனித்தன, கிறிஸ்துவைப் பற்றியும் புனிதர்களைப் பற்றியும் வாசித்ததும் இனித்தது. ஆனால் முதலாவது முடிந்ததும் வெறுமை, இரண்டாவது முடிந்த பிறகும் மகிழ்ச்சி அப்படியே நின்றது. அதைக் கவனித்ததில்தான் அவர் வாழ்க்கையே திரும்பியது.

என் கொப்பியிலும் அப்படி ஒன்று தெரிகிறது. நான் குருப்பட்டம் வாங்கி ஊருக்கு வருகிறேன், தப்பு அடிக்கிறார்கள், மாலை போடுகிறார்கள், அப்பா நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார் என்று நினைத்த நாட்களில் சந்தோசம் மறுநாளே போய்விடுகிறது. அந்தப் பாட்டியின் பக்கத்தில் நின்றதை நினைத்தால் அது போவதில்லை. இடையில் சில வாரம் ஒன்றுமே இல்லாமல் வறண்டும் போனது, செபமாலை வாயில் மட்டும் ஓடியது, எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போல இருந்தது. வறட்சியான நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் இஞ்ஞாசியார் எழுதியதுதான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஹப்புத்தளை அடிசத்துக்கும் போனேன். 1931இல் வில்லியர்ஸ் துரை கட்டிய பங்களா, இப்போது சில்வெஸ்திரின் பெனடிக்ட் துறவிகளின் மடம். படம் எடுக்கவும் ஜாம் வாங்கவும் வருகிற கூட்டம்தான் அதிகம், நான் சிற்றாலயத்தில் உட்கார்ந்திருந்தேன். குரல் ஒன்றும் கேட்கவில்லை. பைபிளில் சிறுவன் சாமுவேலுக்கே குரல் கேட்டும் யார் என்று தெரியாமல் மூன்று முறை குரு ஏலியிடம் ஓடினானே, ஏலிதானே "ஆண்டவர்தான் கூப்பிடுகிறார்" என்று சொல்லிக் கொடுத்தார். இதைத் தனியாகத் தீர்க்க முடியாது என்று எனக்குப் படுகிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணம், பிள்ளைகள் என்ற ஆசை எனக்கு நன்றாகவே உண்டு. அப்படியானால் இது அழைத்தல் இல்லையா?

*

தம்பி, நான் பண்டாரவளை. அம்பிட்டிய தேசிய குருமடத்தில் சில வருடம் படித்துவிட்டு வெளியே வந்தவன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. குடும்ப ஆசை இல்லாதவனைத்தான் கடவுள் கூப்பிடுவார் என்று யார் சொன்னது? ஆசையே இல்லாவிட்டால் அவருக்குக் கொடுக்க உன்னிடம் என்ன இருக்கிறது? கேட்க வேண்டியது, அந்த ஆசையை மனம் நிறைந்து அவர் கையில் கொடுக்க முடிகிறதா என்பதுதான். எனக்கு முடியவில்லை. குருவாகும் முன் வாங்கும் திருத்தொண்டர் பட்டத்துக்கும் பிறகு குருப்பட்டத்துக்கும் முன்னால், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சுதந்திரமாக வருகிறேன் என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், திருச்சபைச் சட்டம் 1036. அதை முதல் தடவை வாசித்த அன்றே, அந்தக் கடிதத்தை என்னால் உண்மையாக எழுத முடியாது என்று விளங்கியது. பிறகு ஆன்ம வழிகாட்டியோடு நிறைய நாள் செபித்துத்தான் வந்தேன். ஊரில் ஓடி வந்துவிட்டான் என்றார்கள். நான் ஓடி வரவில்லை, கேட்டதற்குக் கிடைத்த பதிலோடு வந்தேன்.

அவசரப்படாதே. மெய்யியலும் இறையியலும் சேர்த்துக் குறைந்தது 6 வருடம், 25 வயது முடியாமல் பொதுவாகக் குருப்பட்டமும் இல்லை. குருமடம் உள்ளே போன பிறகும் தெளிகிற இடம்தான். அப்புறம், சிங்களம் இப்போதே பழகு.

*

மகன், நான் ஹட்டன். என் ஒரே ஆம்பிளைப் பிள்ளை குருமடத்தில் இருக்கிறான். வயதான காலத்தில் உன்னை யார் பார்ப்பது என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாள் இல்லை. போ என்றும் நான் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை, செபமாலை மட்டும் சொன்னேன். புனித யோசப் வாஸ் இங்கே குருக்கள் இல்லாமல் சனம் தவிப்பதைக் கேள்விப்பட்டுத்தான் 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்தார், கண்டியில் ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள், 1711இல் அங்கேயே இறந்தும் போனார். அவரைப் பெற்றவளையும் நினைத்து நான் செபிப்பேன். நீ கொப்பியில் எழுதுவதெல்லாம் சரி, உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?

*

நன்றி அண்ணா. இல்லை அம்மா, இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு பூசை முடிந்து அம்மா, அப்பா இரண்டு பேரிடமும் பேசுகிறேன், அதற்குப் பிறகு இறையழைத்தல் பொறுப்பாளரைப் பார்க்கக் கண்டிக்குப் போவேன். தோட்டத்திலிருந்து போய் சிங்களமும் இங்கிலீசும் உள்ளே போன பிறகு படித்தவர்கள் யாராவது இருந்தால், முதல் வருடம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.