மண்டலம் ஒன்று, ஊர் மன்றங்கள் பல: மசாலா ஆலையை எங்கே வைப்பது?

தேக்கா மசாலா:
அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் சின்ன மசாலா ஆலை நடத்துகிறேன். வாடகை கட்டி மாளவில்லை. வறுத்து அரைப்பதை எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கு மாற்றலாம் என்று பார்க்கிறேன். 2025 ஜனவரியில் ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் வந்ததும் நம்பிக்கை வந்தது. 3,571 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்! போன மாதம் இரண்டு ஊரில் கட்டடம் பார்த்தேன். அதே அரைவை இயந்திரம், அதே வரைபடம். ஓர் ஊர் மன்றத்தில் புகைபோக்கி எவ்வளவு உயரம் என்றார்கள். அடுத்த ஊரில் புகைபோக்கியைக் கேட்கவே இல்லை. கழிவுநீரில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி எங்கே என்று வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மண்டலம் ஒன்று என்றால் விதியும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

பழைய திட்டக்காரர்:
தம்பி, மண்டலம் வந்ததால் ஊர் மன்றங்கள் கலைந்துவிடவில்லை. 2006இல் தெற்கு ஜோகூரில் இஸ்கந்தர் என்ற மேம்பாட்டு வட்டாரத்தைத் தொடங்கியபோதே ஜோகூர் பாரு, இன்றைய இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங், கூலாய், பொந்தியான் என ஐந்து உள்ளாட்சிகள் அதற்குள் இருந்தன. அவற்றை ஒருங்கிணைக்கத்தான் 2007இல் சட்டம் போட்டு வட்டார மேம்பாட்டு ஆணையம் அமைத்தார்கள். கடை உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும் இன்றும் மன்றத்தின் கையில்தான்.

யாருக்கு எந்தத் தொழில் என்று பிரிப்பது எளிது. பாசிர் கூடாங்கிற்கு ரசாயனமும் துறைமுகமும், தஞ்சோங் பெலப்பாஸுக்குக் கொள்கலன், செனாய்க்கு விமானச் சரக்கு. சிக்கல் வரியில் இருக்கிறது. ஆலை நிற்கும் ஊருக்கு மதிப்பீட்டு வரி, அதாவது மன்றம் வாங்கும் சொத்து வரி, போகிறது. தொழிலாளி குடியிருக்கும் பக்கத்து ஊர் அவர் போகும் சாலையைச் செப்பனிடுகிறது. அந்த ஊருக்கும் ஒரு பங்கு கிடைக்காதவரை எல்லா மன்றமும் தன் எல்லைக்குள் ஆலை கேட்டுக்கொண்டுதான் இருக்கும். நான் வேலையில் இருந்த காலம் முழுக்க இதற்காகத்தான் வாதாடினேன்.

லாரி அக்கா:
தம்பி, அங்கே அரைத்துக் கொண்டுவந்தால் அது இறக்குமதி உணவு. ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதி எடுக்கணும். ஜோகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றும், உங்க மிளகாய்த்தூள் மூட்டையை ஏற்றாது. லாரிதான் ஏற்றணும். அதனால ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் துவாஸ் பாலத்துக்குப் பக்கமா இடம் பாருங்க. நல்லதும் நடந்திருக்கு. ஜோகூர்ல முன்னே வெள்ளி, சனி விடுமுறை. 2025 ஜனவரி 1லிருந்து நம்மைப்போலவே சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை ஒரு கையெழுத்துக்காக லாரியை நிறுத்தி வைத்த காலம் போச்சு.

தேக்கா மசாலா:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. துவாஸ் பக்கம் கேலாங் பாத்தாவில் பார்க்கிறேன். எங்கள் வணிகர்கள் சேர்ந்து மனு எழுதுகிறோம்: எல்லா மன்றத்துக்கும் ஒரே விண்ணப்பப் படிவம், ஒரே கழிவுநீர் விதி. வரிப் பங்கையும் சேர்க்கலாமா அண்ணே?