போல்ட்டுத் துளைக்குள் இருந்த விரிசல்

சிறு விமானத்தில் பறப்பதற்கு முன் இறக்கையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தால் போதும், கோளாறு இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவருக்காகவே இதை எழுதுகிறேன். சிறு விமானங்களைப் பராமரிப்பது என் தொழில். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டேட்டோனா பீச்சில், பைப்பர் பிஏ-28ஆர் வகைப் பயிற்சி விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொட்டுவிட்டு மீண்டும் மேலேறிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 900 அடி உயரத்தில் அதன் இடது இறக்கை பிய்ந்து விழுந்தது. உரிமத் தேர்வுக்காக விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவரும் அவரைச் சோதித்துக்கொண்டிருந்த தேர்வாளரும் உயிரிழந்தார்கள். அவர்கள் சாகசம் எதுவும் செய்யவில்லை. 2007இல் தயாரான அந்த விமானம் சுமார் 7,690 மணி நேரம் பறந்திருந்தது. வருடாந்தரச் சோதனை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. என்னை இன்றுவரை உறுத்துவது இந்தக் கடைசித் தகவல்தான், ஏனெனில் அத்தகைய சோதனைகளை முடித்துக் கையெழுத்திடுபவன் நான்.

இறக்கையின் முதுகெலும்பு போன்ற பிரதான ஸ்பாரின் கீழ்ப்பட்டையில், உடற்பகுதியோடு அதைப் பிணைக்கும் போல்ட்டுத் துளையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. முறிந்த இடத்தைப் பரிசோதித்தபோது, அந்தப் பட்டையின் குறுக்குவெட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் உலோகச் சோர்வால் முன்பே விரிந்துவிட்டிருந்தது தெரிந்தது. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதால் கீழ்ப்பட்டை இழுபடுகிறது. ஒவ்வொரு காற்றடிப்பிலும் ஒவ்வொரு முறை மேலேறும்போதும் இது நிகழ்கிறது. எவ்வளவு சிறிய சுமையானாலும் எண்ணற்ற முறை திரும்பத் திரும்ப வந்தால் அலுமினியத்தில் அது கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஒரே நாளில் பலமுறை இறங்கி ஏறும் பயிற்சி விமானத்தின் ஒரு மணி நேரமும், சொந்தக்காரர் எப்போதாவது எடுத்து ஓட்டும் விமானத்தின் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல. இந்த விபத்துக்குப் பின் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த உத்தரவு, பயிற்சி விமானங்களுக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யும் சோதனைகளுக்கு உட்பட்ட பறப்பை முழுதாகவும் மற்றப் பறப்பை 17ஆல் வகுத்தும் கணக்கிட்டு, அது 5,000 மணியைத் தாண்டியபின் துளைகளைச் சோதிக்கச் சொல்கிறது.

இதுபோலவே 2019 மே மாதம் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா அருகே செஸ்னா 210 வகைச் சிறு விமானம் ஒன்றின் இறக்கை பிரிந்து இருவர் இறந்தார்கள். அங்கே விரிசல், உலோகம் அரிக்கப்பட்டு உண்டான ஒரு சிறு குழியில் தொடங்கியிருந்தது.

இப்போது என் அனுபவம். அந்த உத்தரவின்படி ஒரு பயிற்சி விமானத்தின் கீழ்ப் போல்ட்டுகளைக் கழற்றினோம். துளை பளபளவென்று இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தும் எதுவும் தென்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் மின்காந்தத்தால் கண்டறியும் எடி கரண்ட் கருவியை, அளந்து வெட்டிய கீறல் கொண்ட மாதிரித் துண்டில் முதலில் சரிபார்த்துவிட்டு, அதன் நுனியைத் துளைக்குள் மெல்லச் சுழற்றியபோது, திரையில் சீராக ஓடிக்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் மட்டும் எழும்பியது. துளையைத் துடைத்துவிட்டு மறுபடி சுழற்றினேன். அதே இடத்தில் மறுபடி எழும்பியது. பிறகு சக பொறியாளரைச் செய்யச் சொன்னேன், அவருக்கும் அப்படியே. அருகில் நின்றிருந்த பயிற்சி மாணவர், "நேற்று இதில்தான் தனியாகப் பறந்தேன், சார்" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அவர் தோளில் கை வைத்தபடி நின்றேன். முந்தைய வருடாந்தரச் சோதனையில் அதே இறக்கைக்குக் கீழே படுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, குறையில்லை என்று எழுதியவன் நான்தான். அந்த விமானம் ஸ்பார் மாற்றப்படும்வரை பறக்கவில்லை.

நண்பரே, தடவிப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம். ஆணி தளர்ந்திருந்தாலோ தகடு நெளிந்திருந்தாலோ அதில் தெரியும். ஆனால் விமானத்தின் பதிவேட்டையும் கேட்டு வாங்கி, அந்தப் போல்ட்டுத் துளைகள் எத்தனையாவது மணியில் சோதிக்கப்பட்டன என்று பாருங்கள். சந்தேகத்துக்காக அடிக்கடி போல்ட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். கழற்றும்போது துளையில் விழும் கீறலே புதிய விரிசலுக்கு வித்தாகிவிடும். அந்த 5,000 மணிக் கணக்கு எட்டிவிட்டதா என்று மட்டும் கேளுங்கள். எட்டியும் சோதிக்கவில்லை என்றால் அந்த விமானத்தில் ஏறாதீர்கள்.